மூன்றரைப் பரப்பு நீலம்

தம்பிராசாவுக்குப் பொறாமை நீல நிறத்தில் வந்தது.

முன்பும் அவருக்குப் பொறாமை வந்ததுண்டு. முன்வீட்டுக்காரர் கேற்றுக்கு வெள்ளிப் பெயின்ற் அடித்தபோது வந்தது. சகலன் கட்டாருக்குப் போய் முதல் மாதமே கறுப்புக் கண்ணாடியோடு படம் அனுப்பியபோது வந்தது. அதெல்லாம் தடிமன் மாதிரி. மூன்று நாள் மூக்கை அடைத்துவிட்டுப் போய்விடும். இது போகவில்லை. ஆனி மாதத்துச் சோளகக் காற்றைப் போல நாள் முழுக்க ஒரே பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் அவருடைய மச்சாள் உதயகலாவின் தோட்டம் இருந்தது.

மருதனார்மடம் சந்தியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் கிடக்கிறது அந்தச் செம்மண் தறை. மொத்தம் ஆறு பரப்பு; பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். மாமனார் மூத்த மகள் பாலேஸ்வரிக்கு மூன்று, இளைய மகள் உதயகலாவுக்கு மூன்று என்று சீதனமாக எழுதி, நடுவில் ஒரு முழ அகலத்துக்கு வரம்பு கட்டிவிட்டுக் கண்ணை மூடினார். பாலேஸ்வரியோடு சேர்ந்து அந்தக் காணிக்கு வந்தவர்தான் தம்பிராசா. இருபத்தெட்டு வருடமாக அதில் வெங்காயம் வைக்கிறார். இன்றைக்கும் ஊர் அதைப் பாலேஸ்வரியின் காணி என்றுதான் சொல்லும். மாமனார் எழுதிய உறுதிப் பத்திரத்திலும் அப்படித்தான் இருக்கிறது, ஊரைக் குறை சொல்ல முடியாது. உதயகலா கூட்டுறவுச் சங்கத்துக் கடையில் சீலை மடித்துக்கொண்டிருந்தவள். கணவன் கட்டாருக்குப் போன பிறகு, ஐந்து வருடத்துக்கு முன்னர்தான் மண்வெட்டி பிடித்தாள்.

கிணறு மூன்று பேருக்குப் பங்கு. அக்காள், தங்கை, மூன்றாவதாக மேற்குப் பக்கத்து வாழைத் தோட்டக்கார மயூரதன். பங்குக் கிணறென்றால் முறை உண்டு. இன்றைக்கு ஆர் இறைப்பது, எத்தனை மணித்தியாலம், நாளைக்கு ஆர் என்று ஒருவர் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் தம்பிராசா. யாரும் அவரை நியமிக்கவில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கட்டுக் கற்களை எண்ணுவார். மண்ணை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் நசிப்பார். வெங்காயத் தாளின் நுனியைத் தடவுவார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மயூரதன், நீ நாளைக்கு ரெண்டு மணித்தியாலம். கலா, நீ மற்ற நாள்" என்பார். அதை அவர்கள் கேட்பார்கள். கோயிலில் அவருக்குக் காளாஞ்சி மரியாதை கிடையாது, கலியாண வீட்டில் முன்வரிசை கிடையாது, வீட்டில் பேச்சுக்கே இடம் கிடையாது. உலகத்தில் அவரைக் கேட்டு நடந்த ஒரே காரியம் இதுதான்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது, ஒரு புதன்கிழமைக் காலை, உதயகலாவின் கைப்பேசியில்.

"அத்தான், உங்கடை தோட்டம் ஏன் மஞ்சளாய்க் கிடக்கு?" என்று கேட்டாள் அவள், கிணற்றுக் கட்டில் சாய்ந்தபடி.

தம்பிராசா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். "எங்கை மஞ்சள்? ஒரு தாள் மஞ்சளாய்க் கிடந்தால் காட்டு பாப்பம்."

"தாளிலை இல்லை அத்தான். செய்மதியிலை."

அவள் நீட்டிய கைப்பேசியில், வானத்துச் செய்மதி பிடித்த ஒரு படம், கூடை பின்னியது போலச் சதுரம் சதுரமாக. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம். நடுவில் நல்ல நீலமாக ஒரு கட்டம். அதன்மேல் சிவப்பு நிறத்தில் ஒரு குறி நின்றது.

"இதென்ன, மழைப் படமோ?" என்று எட்டிப் பார்த்தான் மயூரதன்.

"மழை இல்லையடா. மண் காயேக்கை போற தண்ணியும், பயிர் மூச்சு விடேக்கை போற தண்ணியும் சேத்து, ஒரு நாளைக்கு எத்தினை மில்லிமீற்றர் எண்டு மேலையிருந்து பாத்துச் சொல்லுதாம். விவசாயப் போதனாசிரியை சுபாஜினி மிஸ் வகுப்பு வைச்சுக் காட்டித் தந்தவ. சும்மா பதியலாம், காசில்லை. எவ்வளவு போகுதோ அவ்வளவை மட்டும் இறைச்சால் காணுமாம். கிணறும் உவர்க்காதாம்." உதயகலா நீலக் கட்டத்தை விரலால் தொட்டாள். "நான் தோட்டத்துக்குள்ளை நிண்டு குறி போட்டனான். இது எனக்கு. அஞ்சு தசம் எட்டு. பக்கத்திலை இந்த மஞ்சள் உங்கடை. ரெண்டு தசம் ஒன்பது."

யாழ்ப்பாணத்தில் ஓர் இலக்கத்தை இன்னொரு இலக்கத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அது பரீட்சை முடிவு. அதற்கு வேறு அர்த்தம் இருக்கலாம் என்று இங்கே பிறந்த ஒருவருக்கும் தோன்றாது. மயூரதன் உடனே கேட்டான்:

"எனக்கு எத்தினை கலாக்கா?"

"உன்ரை வாழைக்கு மேலை முகில் வந்திட்டுது. ஒண்டும் தெரியேல்லை."

"றிசல்ற்றை நிப்பாட்டி வைச்சிட்டாங்களோ! சரி, நிப்பாட்டினாலும் பறவாயில்லை, பெயில் இல்லைத்தானே." அவன் தம்பிராசாவைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். பிறகு, யோசிக்காமல், அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டான்: "அப்ப கலாக்கா, எனக்கு எப்ப இறைக்க?"

கலாக்கா! இருபத்திரண்டு வருடமாகக் கிணற்றடியில் அந்தக் கேள்வி 'அண்ணை' என்று தொடங்கிவந்தது. தம்பிராசா செருமுவதற்காகத் தொண்டையைத் தயார் பண்ணியிருந்தார். செருமல் வெளியே வராமல் அங்கேயே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்தவர் தேத்தண்ணீரைப் பார்க்காமல் குடித்தார். நாக்குச் சுட்டது. அதுவும் உதயகலாவின் குற்றமாகப் பட்டது.

"உன்ரை தங்கச்சிக்குச் செய்மதி மார்க்ஸ் போட்டிருக்காம்," என்றார் பாலேஸ்வரியிடம்.

"ஓம், சொன்னவள். உங்களுக்கு ரெண்டு தசம் ஒன்பதாம்."

"அதுக்குள்ளை சொல்லிப்போட்டாளே?"

"உங்களைப் பற்றி நல்லது எண்டால் மறந்திருப்பாள். இதெண்டபடியால் உடனை எடுத்துச் சொன்னவள்."

அன்று மத்தியானம் தம்பிராசா தன் கைப்பேசியிலேயே அந்தப் படத்தைத் திறப்பதென்று முடிவெடுத்தார். உதயகலாவால் முடிந்தால் தன்னால் ஏன் முடியாது? சீலை மடித்த கையைவிட வெங்காயம் நட்ட கை குறைவோ? கைப்பேசி பெயர் கேட்டது, கொடுத்தார். இரகசியச் சொல் கேட்டது, 'முருகா' என்று கொடுத்தார். அது காணாதாம், இலக்கமும் வேண்டும், ஒரு குறியும் வேண்டுமாம். முருகனுக்குப் பின்னால் ஆறையும் ஓர் ஆச்சரியக் குறியையும் போட்டார். பிறகு அது ஒன்பது சின்னப் படங்களைக் காட்டி, சிக்னல் விளக்குள்ள படங்களைத் தொடு, நீ மனிதன்தானா என்று பார்க்க வேண்டும் என்றது.

"இஞ்சை பார், நான் மனிசன் எண்டு நிரூபிக்கட்டாம்!"

"அதுக்கு என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதையுங்கோ," என்றாள் பாலேஸ்வரி அடுப்படியிலிருந்து.

நாலாவது தடவையில் அவர் மனிதனாகத் தேறினார். திரை திறந்து முழு உலகத்தையும் காட்டியது. இலங்கையைக் கண்டுபிடித்து விரலால் விரித்தார். விரித்த வேகத்தில் இந்து சமுத்திரத்துக்குள் போய் விழுந்தார். திரும்பவும் விரித்தார், மன்னாரில் ஏறினார். யாழ்ப்பாணத்துக்கு வருவதற்குள் காசு முடிந்து இணைப்பு அறுந்தது. மன்னாருக்குப் போன களைப்போடு அவர் படுத்துவிட்டார். படுத்தாலும் நீலம் போகவில்லை. கண்ணை மூடினால் கண்ணுக்குள் ஒரு சதுரம், அதன் நடுவில் சிவப்புக் குறி, குறிக்குக் கீழே உதயகலா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

அடுத்த நாள் வரம்போரமாக நின்று, புல்லுப் பிடுங்குகிறவர் போலக் கேட்டார்.

"உந்தச் சாமான் திரும்ப எப்ப வரும், கலா?"

"எது அத்தான்?"

"உந்தப் படம் எடுக்கிறது."

"எட்டு நாளைக்கு ஒருக்காத்தான் மேலாலை கடக்குமாம். இனி அடுத்த கிழமை வெள்ளிக்கிழமைதான், காலமை பத்தரைக்கு." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன், உங்களுக்கும் பாக்க ஆசையோ?"

"எனக்கென்னத்துக்கு? வானத்திலை போறவனுக்கு என்ன விளங்கும் வெங்காயத்தைப் பற்றி!"

பிடுங்கிய புல்லில் பாதி வெங்காயம்.

அந்த வெள்ளிக்கிழமை முறை மயூரதனுக்கு. தம்பிராசா சொன்ன முறைதான். கேள்வி கலாக்காவிடம் போனாலும், அவள் "அத்தானைக் கேள்" என்று திருப்பிவிட்டிருந்தாள். அதையும் பெரிய மனதோடு விட்டுக்கொடுப்பது மாதிரி அவள் சொன்ன விதம் தம்பிராசாவுக்கு இன்னும் எரிந்தது. மயூரதன் வியாழன் பின்னேரம் வந்து நின்றான்.

"அண்ணை, நாளைக்கு வல்வெட்டித்துறையிலை ஒரு செத்தவீட்டு அந்தியேட்டி. விடியப் போட்டு மத்தியானத்துக்குப் பிறகுதான் வருவன். வந்து இறைக்கிறன்."

"ஓம், ஆறுதலாய் வா," என்றார் தம்பிராசா. அந்த 'ஆறுதலாய்' வாயிலிருந்து வந்த அதே நொடியில் திட்டமும் வந்தது. அவருடைய கணக்கு எளிமையானது. ஈரம் என்றால் நீலம். காய்ந்தால் மஞ்சள். அவருடைய முறை செவ்வாய்க்கிழமையே போய்விட்டது; மூன்று நாள் காய்ந்த மண்ணைப் படம் பிடித்தால் மஞ்சளாகத்தான் வரும். ஒரேயொரு காலை, கிணறு சும்மா கிடக்கிற நேரம், ஒரு சொட்டு ஈரம். மயூரதன் வருவதற்குள் கிணறு ஊறிவிடும். இதைக் களவு என்று சொல்ல முடியாது. கடன் என்றும் சொல்ல முடியாது. இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கும்; பிறகு யோசிக்கலாம்.

வெள்ளிக்கிழமை உதயகலா முதல் பஸ்ஸில் நல்லூர்க் கோயிலுக்குப் போய்விட்டாள். தம்பிராசா ஐந்தரைக்கு மோட்டரைப் போட்டார். ஒரு சொட்டு என்று தொடங்கியது ரெண்டரை மணித்தியாலம் ஓடியது. பாத்திக்குப் பாத்தி வாயைத் திறந்து மூடித் தண்ணீர் மாறினார். பாத்திகள் தளும்பி நின்றன. எட்டு மணிக்கு வீட்டுக்குப் போய் முகம் வழித்து, இஸ்திரிப் பெட்டி போட்ட சேர்ட்டும் வெள்ளை வேட்டியுமாக வெளியே வந்தார்.

"என்னப்பா, எங்கை வெளிக்கிட்டனீங்கள்?"

"தோட்டத்துக்கு."

"தோட்டத்துக்கோ? உந்தக் கோலத்திலையோ? ஆர் வருகினம்?"

"மேலையிருந்து ஒராள்," என்றார் தம்பிராசா.

பாலேஸ்வரி கந்தோரிலிருந்து பெரிய அதிகாரி யாரோ என்று நினைத்து, முற்றத்தைக் கூட்டி வைத்தாள்.

பத்து மணிக்கு ஆரோ வீட்டு மாடு வந்து வரம்பில் படுத்தது. படத்தில் மாடு விழக்கூடாதென்று அதை வேட்டி நனைய நனையக் கலைத்தார். பத்தரைக்குத் தோட்டத்தின் நடுவில், தலைத் துண்டை எடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வானம் வெறுமையாக இருந்தது. பயப்படாமல் நேரே பார்ப்பதா, அடக்கமாகக் குனிவதா என்று கொஞ்சம் குழம்பி, கடைசியில் கொஞ்சம் பக்கவாட்டாக நின்றார். தேசிய அடையாள அட்டைக்கு நின்றபோது அப்படித்தான் வடிவாக இருந்ததென்று ஞாபகம். பத்து நாற்பதுக்கு வீட்டுக்கு வந்தார்.

பின்னேரம் நாலு மணிக்கு மயூரதன் மோட்டரைப் போட்டான். இருபது நிமிடத்தில் அது காற்றை இழுத்துக் கர்ரென்று கத்தியது. எட்டிப் பார்த்தவன் அலறிக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடி வந்தான்.

"அண்ணை! கிணறு வத்துது! அடிக் கல்லுத் தெரியுது! ஆனியிலையே இப்பிடியெண்டா ஆவணிக்கு என்ன செய்யிறது? உவர்தான் வரப்போகுது! என்ரை வாழை முழுக்கப் போகப்போகுது!"

தம்பிராசா, "ஆ… வெயில் அப்பிடி," என்றார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. மயூரதன் அன்று வாழைக்கு வாளியால் தண்ணீர் சுமந்தான். தம்பிராசா உள்ளே போய் வேட்டியை மாற்றினார். அவன் வாளி தட்டுப்படுகிற சத்தம் அறைக்குள்ளும் கேட்டது. இரண்டு தரம் எழும்பி வாசல்வரை போனார். இரண்டு தரமும் திரும்பி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை படம் வந்தது.

நீலக் கட்டம் இன்னும் நீலமாகியிருந்தது. ஆறு தசம் நாலு. மஞ்சள் கட்டம் மஞ்சளாகவே கிடந்தது. மூன்று.

"பாருங்கோ அத்தான், என்ரை ஏறிப்போச்சு!" உதயகலாவின் முகம் மலர்ந்திருந்தது. "அதோடை நான் இறைச்சது புதன்கிழமை!"

தம்பிராசா கைப்பேசியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். ரெண்டரை மணித்தியாலத் தண்ணீர்! தளும்பத் தளும்ப! பெட்டி போட்ட சேர்ட்! இத்தனையும் செய்து அவருக்குத் தசம் ஒன்று. ஒன்றுமே செய்யாமல் நல்லூரில் கற்பூரம் கொளுத்திக்கொண்டு நின்றவளுக்கு ஆறு தசம் நாலு. செய்மதிகூட ஆள் பார்த்துத்தான் மார்க்ஸ் போடுகிறது. கடவுளைக்கூட அவர் அவ்வளவு கடுமையாக மனதுக்குள் ஏசியதில்லை.

மயூரதனுக்கு நிறத்தில் அக்கறையில்லை. அவனுக்குக் கிணற்றுப் பயம். "செவ்வாய்க்கிழமை மிஸ்ஸைக் கூப்பிட்டிருக்கிறன். எல்லாற்றை முறையையும் பாதியாக்குவம். இனிக் கலாக்காவின்ரை போன் சொல்லுறபடி இறைப்பம். குறை நினையாதையுங்கோ அண்ணை, கையிலை மண்ணை நசிச்சுப் பாத்துப் பாத்துத்தானே கிணறு இந்தக் கதிக்கு வந்தது."

செவ்வாய்க்கிழமை சுபாஜினி மோட்டார் சைக்கிளில் வந்தாள். பையிலிருந்து அளவு நாடாவும் நாலு தடியும் ஒரு பந்துக் கயிறும் எடுத்தாள்.

"மயூரதன் அண்ணை போனிலை கதைச்ச கதையைக் கேட்டிட்டுத்தான் இதுகளைக் கொண்டுவந்தனான். நீங்கள் கட்டத்தைக் காணி எண்டு நினைச்சிட்டியள் போலை."

அவள் கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து நடந்து தடிகளை ஊன்றினாள். ஒவ்வொரு பக்கமும் முப்பது மீற்றர். கயிறு வரம்பைத் தாண்டிப் போனது. தம்பிராசாவின் பக்கத்தில் நெடுந்தூரம் போய் வளைந்து, திரும்ப வரம்பைத் தாண்டி வந்தது.

"இதுதான் உங்கடை நீலக் கட்டம். ஒரு கட்டம் கிட்டத்தட்ட மூண்டரைப் பரப்பு. இதைவிடச் சின்னனாய் அதுக்குக் கண் தெரியாது. ஐயாவின்ரை பக்கம் ரெண்டு பரப்பு, கலா அக்காவின்ரை பக்கம் ஒண்டரை. ரெண்டையும் கலந்துதான் ஒரு இலக்கம் தருது. குறி எந்தப் பக்கம் நிண்டாலும் ஒண்டுதான்."

"அப்ப எங்கடை மஞ்சள்?" என்றாள், வேடிக்கை பார்க்க வந்து நின்ற பாலேஸ்வரி.

"அது உங்கடை தகரக் கொட்டில், எருக்கும்பம், ஒழுங்கை, அந்தப் பக்கத்துக் கொஞ்ச வெங்காயம். தகரம் மூச்சு விடாது அக்கா."

தம்பிராசா கயிற்றுக்குள் நின்றார். காலடியில் அவர் நட்ட வெங்காயம். பதின்மூன்று நாளாகக் கண்ணை மூட விடாமல் எரித்த நீலத்தில் கூடிய பங்கு அவருடையது! செய்மதிக்குச் சீதன உறுதி தெரியாது, வரம்பு தெரியாது. அவர் இவ்வளவு நாளும் தன்னைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டிருக்கிறார். வாழ்க்கையில் யாரும் பொறாமைப்படாத ஒரு மனிதனைப் பார்த்துக் கடைசியில் ஒருவன் பொறாமைப்பட்டான், அவனும் அவரே. சிரிப்பு வந்தது. சிரிக்கப் போனவரைச் சுபாஜினி நிறுத்தினாள்.

"ஆனால் ஒரு விசயம். போன வெள்ளிக்கிழமை இந்தக் கட்டத்திலை மண் நல்ல ஈரமாய் இருந்திருக்கு. அதுதான் இலக்கம் ஏறினது. அண்டைக்கு ஆர் இறைச்சது?"

"அண்டைக்கு என்ரை முறை," என்றான் மயூரதன். "ஆனால் நான் இறைச்சது என்ரை வாழைக்கு, அதுவும் பின்னேரம், இருபது நிமிசம்."

"நான் புதன்," என்றாள் உதயகலா.

"நான் செவ்வாய்," என்றார் தம்பிராசா. பொய்யில்லை. செவ்வாயும் இறைத்தார்.

சுபாஜினி குனிந்து உதயகலாவின் பாத்திகளைப் பார்த்தாள். பாத்திகளுக்கு மேல் வைக்கோல் பரவிக் கிடந்தது. "அப்ப இதாய்த்தான் இருக்க வேணும். கலா அக்கா வைக்கோலாலை மூடி ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிறா. அருமை அக்கா! அடுத்த மாதம் தென்மராட்சியிலையிருந்து முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு வாறன். நீங்கள்தான் விளங்கப்படுத்த வேணும்."

"ஐயோ மிஸ், நான் சும்மா போட்டனான்," என்று உதயகலா முந்தானையைத் திருகினாள்.

"சரி, அப்ப முடிவு," என்றான் மயூரதன். "எல்லாருக்கும் பாதி முறை. கலாக்கா சொல்லட்டும்."

தம்பிராசா வாயைத் திறக்காமல் நின்றார். திறக்காவிட்டால் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகவே போய்விடும். திறந்தால், முறை சொன்ன வாயே முறை களவெடுத்த வாய் என்று ஊர் முழுக்க இரவைக்கு முன்னர் தெரிந்துவிடும். புத்தியுள்ளவன் பேசாமல் இருப்பான். அவரும் பேசாமல்தான் இருந்தார், முப்பது பேர் கண்ணுக்குள் வரும்வரை. முப்பது பேர் வரிசையாக வரம்பில் நடந்து வருகிறார்கள். உதயகலா வைக்கோலைத் தூக்கிக் காட்டுகிறாள். முப்பது பேரும் தலையாட்டுகிறார்கள். ஒருவர் குறிப்பெடுக்கிறார்.

"வைக்கோலாம் வைக்கோல்!" என்று கத்தினார் தம்பிராசா. "அது என்ரை தண்ணி! நான்தான் இறைச்சன், விடியப்புறம், ரெண்டரை மணித்தியாலம், தளும்பத் தளும்ப!"

உதயகலா திருகிய முந்தானையை விட்டாள்.

"வெள்ளிக்கிழமையோ?" என்றாள் பாலேஸ்வரி மெல்ல. "அந்த வெள்ளை வேட்டியோடையோ?"

மயூரதன் அவரைப் பார்த்தான். பிறகு கிணற்றைப் பார்த்தான். "அப்ப… கிணறு வத்தேல்லையோ?"

"வத்தேல்லை."

"முருகா!" என்று மயூரதன் அப்படியே வரம்பில் குந்திவிட்டான். நாலு இரவு நித்திரையில்லாதவனின் பெருமூச்சு. அது முடிந்த பிறகுதான் கோபம் வந்தது. "அண்ணை, நான் அண்டைக்கு நாப்பது வாளி சுமந்தனான்! நீங்கள் வாசலிலை நிண்டு பாத்தனீங்கள்! கேட்டிருந்தால் தந்திருப்பன்தானே. அஞ்சு வருசத்துக்கு முதல் நான் அரை மணித்தியாலம் கூட இறைச்சதுக்கு என்ன சொன்னனீங்கள்? சொல்லுங்கோ இப்ப!"

தம்பிராசாவுக்கு ஞாபகம் இருந்தது. கிணற்றடிக்குப் போனார். உள்ளே எட்டிப் பார்த்தார். தண்ணீர் ஏறி, மேல் கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றது. குனிந்து ஒரு பிடி மண் அள்ளி நசித்தார். தொண்டையைச் செருமினார்.

"முறை களவெடுத்தால் அடுத்த முறை இல்லை. தம்பிராசாவுக்கு வாற முறை இல்லை. அது மயூரதனுக்கு. முறையைப் பாதியாக்கத் தேவையில்லை." கொஞ்சம் நிறுத்தினார். "இனிக் கலா சொல்லட்டும்."

யாரும் மறுக்கவில்லை. மறுப்பார்கள் என்று அவர் ஓரளவு எதிர்பார்த்திருந்தார்.

முறை இழந்த பிறகு வந்த நாட்களில் வெயில் கொடுமையாக எறித்தது. அவருடைய வெங்காயத் தாள்கள் மத்தியானத்தில் தலை சாய்த்தன. தகரக் கொட்டிலுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். உதயகலாவின் முறையன்று மோட்டர் ஓடியது. வாய்க்காலால் தண்ணீர் அவள் பாத்திகளுக்குப் போகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்கக்கூடாதென்று காதைப் பொத்தினார். பொத்திய காதிலும் கேட்டது, வரவரக் கிட்டத்தில் கேட்டது. எட்டிப் பார்த்தால், வரம்பில் ஒரு மண்வெட்டி அகலத்துக்கு வெட்டு. தண்ணீர் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

"கலா! வரம்பு உடைஞ்சுபோச்சு!"

"உடையேல்லை, வெட்டினனான்."

"எனக்கு முறை இல்லை. நானே சொன்னது."

"உங்களுக்கு ஆர் தந்தது?" அவள் நிமிரவில்லை, மண்வெட்டியால் தண்ணீர் மாறிக்கொண்டே சொன்னாள். "நான் கட்டத்துக்கு இறைக்கிறன். எங்கடை கட்டத்துக்கு இவ்வளவு எண்டு போன் சொல்லுது. கட்டத்துக்குள்ளை நீங்கள் வந்து நிண்டால் நான் என்ன செய்யிறது? அதோடை முப்பது பேர் வருகினம். பாதிக் கட்டம் வாடிக்கிடந்தால் எனக்கெல்லோ வெக்கம்."

தம்பிராசா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தன் பக்கத்தில் தண்ணீர் மாறினார். கண்ணில் ஏதோ விழுந்தது. சோளகம் என்றால் தூசி வரும்.

அடுத்த படம் வந்த அன்று அவள் வரம்பில் நின்று கூப்பிட்டாள். அவர் துண்டை உதறிக்கொண்டு போனார்.

"எங்களுக்கு என்ன?"

"அஞ்சு தசம் ஆறு. நல்ல நிதானம். ஆனால் அத்தான், உதைப் பாருங்கோ."

முகில் விலகியிருந்தது. மேற்குப் பக்கத்தில் ஒரு கட்டம் மைப் போத்தல் கவிழ்ந்தது போலக் கறுநீலமாகக் கிடந்தது. ஏழு தசம் ஒன்று.

இருவரும் ஒரே நேரத்தில் மேற்கே திரும்பினார்கள்.

"வாழை எண்டால் கூடத்தான் குடிக்குமாம். மிஸ் சொன்னவ," என்றாள் உதயகலா. குரலில் நம்பிக்கை இல்லை.

"மிஸ் சொல்லுவா," என்றார் தம்பிராசா. அவர் மேற்குப் பக்க வேலியோரம் போய்க் கழுத்தை நீட்டினார். "உவன் ரகசியமாய் என்னவோ செய்யிறான், கலா."

உதயகலா மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் வந்து, குதிக்கால் உயர்த்தி எட்டிப் பார்த்தாள்.

"எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு அத்தான்," என்றாள்.